பெட்டியில் முதலில் பெயரை ஒட்டுங்கள்

தம்பி, ஜேர்மன் நிறுவனங்கள் தமக்குள்ளும் வெளியாருடனும் எப்படித் தொடர்பு கொள்கின்றன, ஆங்கிலம் போதுமா, குளிரைத் தாங்க முடியுமா என்று சென்னையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குளிருக்குக் கடையில் உடுப்பு இருக்கிறது. ஆங்கிலம் அலுவலக வாசல் வரைக்கும் போதும்.

அலுவலகத்துக்குள் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள், அதை மனதில் வைக்காதீர்கள். ஆனால் கூட்டம் முடிந்து வரும் கூட்டக் குறிப்பை வரி விடாமல் படியுங்கள். நீங்கள் ஏற்காத வேலை உங்கள் பெயருக்கு நேரே இருந்து, அன்றே மறுத்து எழுதாவிட்டால், அது உங்கள் வேலையாகிவிடும்.

வெளியாருடன் பெரும்பாலும் இன்னும் தபால்தான். முகவரியைப் பதிந்ததும் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். பின்னாலேயே, ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டும் கடிதம் வரும். தொலைக்காட்சியே இல்லையே என்று அதை விளம்பரத்தாள்களோடு எறிந்தவர்கள், பிறகு தாமதக் கட்டணமும் சேர்த்துக் கட்டியதைக் கண்டிருக்கிறேன். அரச அலுவலகத்தின் முடிவை ஆட்சேபிக்க வழக்கமாக ஒரு மாதமே தவணை. சாதாரணத் தபாலில் அனுப்பிய முடிவு நான்காம் நாள் கிடைத்ததாகவே 2025 முதல் சட்டம் கொள்கிறது. நீதிமன்றமோ அரச அலுவலகமோ கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டு அனுப்பும் மஞ்சள் உறையென்றால், நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் தபால்காரர் அதன்மேல் தேதியை எழுதி உங்கள் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார். நீங்கள் விடுமுறையில் சென்னையில் நின்றாலும் அன்றிலிருந்தே நாள் எண்ணப்படும். வேலையை விடுவதற்கும் மின்னஞ்சல் செல்லாது. தாளில் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும்.

எண்பதுகளில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், எங்கள் பெயர்கள் நீளம் என்று சொல்லி அவற்றைப் பெட்டியில் ஒட்ட விடவில்லை. அறைத்தோழர் ஒருவருக்கு வந்த விசாரணை அழைப்பு, அப்படி ஒருவர் இங்கில்லை என்று திரும்பிப் போய்விட்டது. நாள் கடந்த பிறகே அவருக்குத் தெரிந்தது. அன்றிரவே தாளை நறுக்கிப் பெயர்களை எழுதி, சொந்தக்காரரைக் கேளாமலே ஒட்டினோம். அதற்குப் பிறகு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடிதத்தையும் நானே படித்து, உறையோடு கோப்பில் போடப் பழகினேன். நம்மவர் பலர் முப்பது வருடம் இங்கிருந்தும், உறையைப் பிரிக்காமல் பிள்ளை பள்ளியால் வரும்வரை காத்திருக்கிறார்கள். வரி அலுவலகக் கடிதத்துக்குப் பத்து வயதுப் பிள்ளை பொருள் சொல்வதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

ஆகவே சாவி வாங்கும் அன்றே பெயர்ச்சீட்டை ஒட்டுங்கள், தகப்பனார் பெயரையும் சேர்த்து. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் அது இருந்தால், உங்களுக்கான கடிதமெல்லாம் அவர் பெயருக்கே வரும்.