அளவுருவை 0.01 மாற்றினால் நேரியல் அமைப்பின் இயல்பே மாறிவிடுமா?

எங்கே நின்று மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நேரியல் அமைப்புக்கு (விசைகள் நிலைக்கும் வேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருப்பது) உதாரணமாகச் சுருள்வில்லில் ஆடும் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறையும் வில் மாறிலியும் 1. தணிப்பு, அதாவது ஆட்டத்தை அடக்கும் தடையின் அளவு, மட்டும் மாறுகிறது; அதுதான் நம் அளவுரு.

தணிப்பு 0 என்றால் ஐகன் மதிப்புகள் (ஆட்டம் வளருமா, தேயுமா என்று சொல்லும் இரு சிக்கலெண்கள்) கற்பனை அச்சிலேயே உட்கார்ந்திருக்கும், அதாவது மெய்ப்பகுதி 0. ஆட்டம் ஓயாது; நிலையையும் வேகத்தையும் இரு அச்சுகளில் வரைந்தால் கிடைக்கும் பாதைகள் மூடிய வளையங்கள். 0.01 ஆக்கினால் மெய்ப்பகுதி -0.005 ஆகும். அவ்வளவுதான், வளையங்கள் உடைந்து எல்லாப் பாதையும் உள்நோக்கிச் சுருளும். -0.01 என்றாலோ வெளியே விரியும்.

தணிப்பு 2 இன்னும் வேடிக்கையான இடம். அங்கே இரு ஐகன் மதிப்புகளும் -1இல் ஒன்றிவிடுகின்றன. 2.01 ஆக்கினால் சுமார் -0.905, -1.105 எனப் பிரியும். 0.01 மாற்றத்துக்கு 0.1 நகர்வு! ஐகன் மதிப்புச் சூத்திரத்தில் உள்ள வர்க்கமூலம் செய்கிற வேலை இது: 0.01இன் வர்க்கமூலம் 0.1. ஆனால் இரண்டும் எதிர்ம எண்களாகவே இருப்பதால் நிலைப்புத்தன்மைக்கு ஆபத்தில்லை. தணிப்பு 1 அருகே இதே மாற்றத்தை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.