காய்ப்பு ஓய்ந்த ஸ்ட்ராபெரி செடியை எப்படிப் புதுப்பிப்பது?

ஆண்டுக்கு ஒரு பருவம் காய்க்கும் ஸ்ட்ராபெரியில், அறுவடை முடிந்ததும் பழைய இலைகளைக் கழித்து, எருவிட்டு, இளஞ்செடிகளை வளர்த்தெடுப்பதுதான் புதுப்பித்தல்.

தாய்ச்செடியின் குட்டைத் தண்டு ஆண்டுக்காண்டு கட்டைதட்டி மண்ணுக்கு மேலே ஏறும்; புது வேருக்கு மண் எட்டாது. 3, 4 ஆண்டுகளில் பழம் சிறுத்துவிடும். வாழை மாதிரிதான்: தாய் ஓய்ந்தால் பக்கக்கன்று தோட்டத்தைக் காக்கும். இங்கே கன்று கொடியில் வரும். தரையில் படரும் கொடியின் கணுவைப் பாருங்கள்: குட்டி இலைக்கொத்து, அடியில் வெள்ளை வேர்முனைகள். அதைச் சிறு தொட்டி மண்ணில் பதித்து, கொண்டையூசிபோல் வளைத்த கம்பியால் அமர்த்துங்கள். 4-6 வாரத்தில் வேர்பிடித்ததும் கொடியை வெட்டலாம். தாய்க்கு இரண்டு மூன்று கன்று போதும். முதல் கன்றுதான் திடமானது, அதைத் தவறவிடாதீர்கள்!

இலையை வெட்டினால் செடி செத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள்; நடுக்குருத்தில் கத்தி படாதவரை மறுபடி துளிர்க்கும்.