பிரிட்டனில் பழைய அமெரிக்கக் கார்கள் ஏன் அரிது? கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். 1950களின் காடிலாக்கை இரண்டே முறைதான் பார்த்தேன். மற்றவையெல்லாம் எங்கே போயின?

பதில்: எங்கும் போகவில்லை, வந்தவையே குறைவு. வரவிடாமல் தடுத்தது வரி. 1915இல் நிதியமைச்சர் மெக்கென்னா அயல்நாட்டுக் கார்களுக்கு 33⅓ சதவீதச் சுங்கம் விதித்தார். போர்க்கால ஏற்பாடாகத் தொடங்கிய அது, நடுவில் ஒரு சிறு இடைவெளி தவிர, 1956 வரை நீடித்தது.

அதைவிடக் கொடியது 1921இல் வந்த குதிரைத்திறன் வரி. ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண்டு. அந்தத் திறனை எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கமாக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுத்தார்கள். ஃபோர்டு மாடல் டி-க்கு விட்டம் 3.75 அங்குலம், சிலிண்டர் நான்கு, விடை 22.5, அதை முழு எண்ணாக உயர்த்தி வரி 23 பவுண்டு. பிரிட்டனின் சிறிய காரான ஆஸ்டின் செவனுக்கு 8 பவுண்டுதான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்துக்கு வரி இல்லாததால் பிரிட்டிஷார் ஒடுங்கி உயர்ந்த சிலிண்டர்களைச் செய்தார்கள். அகன்ற சிலிண்டர் கொண்ட அமெரிக்க எஞ்சின் அபராதம் கட்டியது. 1948இல் புதிய கார்களுக்கு ஒரே 10 பவுண்டு என்று மாறியபோது, நாட்டில் கார் வாங்க டாலர் இல்லை. பெட்ரோலோ 1950 வரை ரேஷனில் இருந்தது.

கேள்வி: ஒரு மஸ்டாங் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பாருங்கள். துரு அங்கேதான் இருக்கும்.

கேள்வி: வரியைக் குறை சொல்வது தவறு. குறுகிய தெருக்களும் ஆங்கிலேயரின் ரசனையுமே காரணம்.

பதில்: தெருவை ஒப்புக்கொள்கிறேன். 1959 காடிலாக் சுமார் 5.7 மீட்டர், அதே ஆண்டின் மினி 3.05 மீட்டர். ரசனையை ஒப்பமாட்டேன். ஃபோர்டு 1932இல் பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பியச் சந்தைக்கென்றே 8 குதிரைத்திறன் மாடல் ஒய்-யை உருவாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1925இலேயே வாக்ஸால் என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தை வாங்கியது. வரிச் சுவரைத் தாண்ட முடியாமல் அதற்குள் வந்து தொழில் செய்தார்கள் என்பதுதான் இதன் பொருள்.

கேள்வி: மன்னர் எட்டாம் எட்வர்டு ப்யூக் என்ற அமெரிக்கக் கார் வைத்திருந்தாரே? சுவர் அவருக்கு இல்லையா?

பதில்: நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் என் பக்கம் நிற்கிறது. அந்த 1936 ப்யூக் கனடாவின் ஓஷாவாவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் செய்த காருக்குச் சுங்கம் குறைவு. ரசனை தடையாக இருந்திருந்தால் மன்னரே அதை ஓட்டியிருப்பாரா?

கேள்வி: அமெரிக்கக் காரின் சிவப்புப் பின் இண்டிகேட்டரை அப்படியே வைக்கலாமா?

பதில்: 1965 செப்டம்பர் 1க்கு முன் முதலில் சாலைக்கு வந்த காரென்றால் வைக்கலாம். பிந்தையதென்றால் அம்பர் நிறம் கட்டாயம். முகப்பு விளக்கையும் மாற்றுங்கள். அமெரிக்க விளக்கின் தாழ் ஒளி வலப்பக்கம் சாயும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

கேள்வி: இணையத்தில் பார்த்த செவ்ரோலேயை வாங்கலாமா?

பதில்: மேலே மஸ்டாங்குக்குச் சொன்னேன். அடிப்பகுதி. துரு.

கேள்வி: ஜப்பானிலிருந்து கார் இறக்குமதி செய்வது எப்படி?

பதில்: என் துறை அல்ல. ஜப்பான் கார்களை இறக்குமதி செய்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அமெரிக்கக் கார்களை எங்கே பார்க்கலாம்?

பதில்: சஃபோக் பக்கம் போங்கள். மில்டன்ஹால், லேக்கன்ஹீத் விமானத் தளங்களின் அமெரிக்க வீரர்கள் தங்கள் கார்களோடு வந்தார்கள்.

கேள்வி: அங்கே ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. படம் அனுப்பட்டுமா?

பதில்: வேண்டாம். நேரில் போய்க் காரின் அடியில் படுத்துப் பாருங்கள்.