தறிச் சொற்களும் ஒரு மாணவர் இதழும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மாணவர்களுக்காக ஓர் ஆய்விதழ் தொடங்கினோம். மாணவர்கள்தான் ஆசிரியர் குழு. பேராசிரியர்கள் சிலர் கட்டுரைகளைப் படித்துக் கருத்து எழுதித் தந்தார்கள். இரண்டு இதழ் வந்தது. பொறுப்பாக இருந்த மாணவன் படிப்பை முடித்துப் போனதும் நின்றுவிட்டது. இதழின் மின்னஞ்சல் அவனுடைய சொந்த செல்போன் எண்ணில் இருந்தது. எண்ணை மாற்றிவிட்டான். வந்திருந்த கட்டுரைகள்கூட எங்களிடம் இல்லை.

மறுபடி தொடங்கலாம் என்றால், "இளங்கலைப் பிள்ளைகளுக்கு ஆய்வு எதற்கு? எம்.ஏ. வரட்டும்" என்கிறார் ஒரு துறைத் தலைவர். பணம் கட்டினால் மூன்றே நாளில் கட்டுரையைப் போட்டுச் சான்றிதழும் தருகிற இதழ்கள் இருக்கின்றனவே என்கிறார் இன்னொருவர்.

முதல் இதழில் ஒரு மாணவி தன் ஊர் நெசவாளர்களின் தறிச் சொற்களைத் தொகுத்திருந்தாள். மதிப்பிட்ட ஆசிரியர், "ஒவ்வொரு சொல்லையும் சொன்னவர் யார், என்ன வயது, எந்தத் தறி?" என்று கேட்டு எழுதினார். அவள் திரும்பப் போய் வீடு வீடாக விசாரித்துவிட்டு வந்தாள். அதை நினைத்துத்தான் எழுதுகிறேன். தொடரலாமா?

கே.

அன்புள்ள கே.,

தொடருங்கள். அந்தப் பெண் இரண்டாம் முறை நெசவாளர் தெருவுக்குப் போனாளே, அதற்காகத்தான் மாணவர் இதழ். முதல் முறை போனபோது அவள் பாவு, ஊடை, நாடா என்று சொற்களைச் சேகரித்தாள். இரண்டாம் முறை போனபோது, விசைத்தறி ஓட்டும் பேரன் சொல்வது எது, குழித்தறியில் உட்கார்ந்த தாத்தா சொன்னது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பட்டியல் ஆய்வாக மாறியது அங்கேதான். அவளைத் திரும்பிப் போகவைத்தது ஒரு வரிக் கேள்வி. மதிப்பெண் போடுகிறவர் அப்படிக் கேட்பதில்லை. கேட்டாலும் திருத்தி எழுதிக்கொண்டு வர நாள் இருக்காது.

என் கதையைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்காக எங்கள் ஊர் வாரச்சந்தையில் 11 வாரம் நின்று காய்கறி விலை எழுதினேன். ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். வைவா பத்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு டி.சி. வாங்கப் போனபோது, எங்கள் செட் ப்ராஜெக்டுகள் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர்காரரின் தராசில் இருந்தன. அது வலித்தது. ஆனால் அதைவிட வலித்தது பல ஆண்டு கழித்து வீட்டிலிருந்த நகலைப் புரட்டியபோதுதான். சில வாரம் காலை விலை, சில வாரம் சந்தை கலைகிற நேரத்து விலை என்று கலந்து எழுதியிருக்கிறேன். முழுக் கணக்கும் தவறு. "எத்தனை மணிக்கு விலை கேட்டாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் இருபது வயதிலேயே எனக்கு அது தெரிந்திருக்கும்.

எம்.ஏ. வரட்டும் என்கிற துறைத் தலைவரிடம், பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய எஸ். சந்திரசேகரைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் மாணவராக இருந்தபோதே ஒரு கட்டுரையைக் கேம்பிரிட்ஜுக்கு, இயற்பியல் அறிஞர் ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். ஃபௌலர் படித்துச் சில மாற்றங்கள் சொன்னார். அது 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. எழுதியவருக்கு அப்போது வயது 18. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மேதைமை இருக்காது, வேண்டியதும் இல்லை. எழுதியது இளங்கலை மாணவன் என்று தள்ளிவைக்காமல் ஒருவர் உட்கார்ந்து படித்தாரே, அதை நம் கல்லூரிகளிலும் செய்யலாம்.

இங்கிலாந்தில் வார்விக், ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2007-இல் 'ரீஇன்வென்ஷன்' என்ற இளங்கலை ஆய்விதழைத் தொடங்கின. பிறகு ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. மாணவர்களே ஆசிரியர் குழுவில் இருக்கிறார்கள், துறை அறிந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். ஆண்டுதோறும் பிள்ளைகள் மாறுகிறார்கள், இதழ் இன்றும் வருகிறது. பின்னால் ஒரு நிலையான ஏற்பாடு இருப்பதுதான் காரணம்.

உங்கள் கல்லூரியில் அந்த நிலையான ஆள் நீங்கள்தான். மாணவன் மூன்று ஆண்டில் போய்விடுவான், பேராசிரியருக்குப் பேப்பர் திருத்தும் வேலை வந்துவிடும். நூலகம் அங்கேயே இருக்கும். இதழின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் நூலகத்தின் பெயரில் இருக்கட்டும். ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி 1998-இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது, இலவசம். கட்டுரை வந்த நாள், மதிப்பீட்டாளர் எழுதியது, திருத்திய வரைவு எல்லாம் அதிலேயே கிடக்கும். புதிதாக வரும் ஆசிரியர் குழு பழைய குழு எப்படி முடிவெடுத்தது என்று திறந்து பார்த்துக்கொள்ளலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. இளங்கலைப் பிள்ளைகளின் உழைப்புக்கு உங்கள் அலமாரியும் உங்கள் சர்வரும்தான்.

காலக் கணக்கிலும் கவனம் வேண்டும். ஏப்ரலில் ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டுப் போகிறவனிடம் ஜூலையில் திருத்தம் கேட்டால் பதில் வராது. இரண்டாம் ஆண்டிலேயே எழுதவையுங்கள். குழுவிலும் மூன்றாம் ஆண்டு ஒருவர் இருந்தால் அவரோடு இரண்டாம் ஆண்டு ஒருவர் இருக்கட்டும். பேராசிரியர்கள் கேள்வி எழுதட்டும், வாக்கியத்தைத் தாங்களே மாற்றி எழுத வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேராசிரியர் மெருகேற்றிய கட்டுரை அழகாக இருக்கும், ஆனால் மாணவன் அதிலிருந்து எதையும் கற்றிருக்க மாட்டான்.

மூன்று நாள் இதழ்களைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத எனக்கு வராது. வீட்டில் கஷ்டப்பட்டு அனுப்பும் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு, யாரும் படிக்காத கட்டுரைக்கு "சர்வதேச" என்று முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். இந்த வகை இதழ்களை 'வேட்டை இதழ்கள்' என்று முதலில் பெயரிட்டுப் பட்டியல் போட்ட ஜெஃப்ரி பீல், அமெரிக்காவின் கொலராடோவில் உங்களைப் போல நூலகராக இருந்தவர்தான். அட்டையில் ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே என்பார்கள். அந்த எட்டு இலக்கம் ஓர் இதழை இன்னோர் இதழிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாள எண், தரச் சான்று அல்ல. டெல்லியில் விண்ணப்பித்தால் உங்கள் இதழுக்கும் கட்டணமில்லாமல் கிடைக்கும். இதை மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பாகவே எடுங்கள்.

இன்னொன்று. தறிச் சொல் சொன்ன தாத்தாவிடம், அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டீர்களா? இணையத்தில் ஏறினால் எங்கிருந்தும் யாரும் படிப்பார்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். மாணவியிடமும் கையெழுத்து வாங்குங்கள். கட்டுரையின் உரிமை அவளுடையது, நீங்கள் வெளியிட அவள் அனுமதி தருகிறாள், அவ்வளவுதான்.

தொலைந்த கட்டுரைகளை எழுதியவர்களிடமே கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவரின் பென்டிரைவில் கிடக்கும். அந்த மாணவியிடம் முதல் வரைவும், ஆசிரியர் எழுதிய கேள்வியும், திருத்திய வரைவும் இருந்தால் மூன்றையும் சேர்த்துப் பைண்ட் செய்து நூலகத்தில் வையுங்கள். புதிய ஆசிரியர் குழு கூடும் முதல் நாளில் அதை அவர்கள் கையில் கொடுங்கள். அவள் சம்மதித்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். படிக்க ஆசையாக இருக்கிறது.