நண்பர் மெயிலில் அவசரமாகப் பணம் கேட்டால் நம்பலாமா?

"லண்டனில் பர்ஸ் தொலைந்துவிட்டது, உடனே பணம் அனுப்பு" என்று நண்பரின் முகவரியிலிருந்தே மெயில் வந்திருக்கிறது, நிஜமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் அவர் கணக்கை யாரோ கைப்பற்றியிருப்பார்கள். ரிப்ளை பட்டனை அழுத்திப் பாருங்கள். சில சமயம் 'பெறுநர்' இடத்தில் ஓர் எழுத்து மட்டும் மாறிய வேறு முகவரி வந்து நிற்கும். உங்களை 'மச்சி' என்றே கூப்பிடுகிறவர் திடீரென்று 'டியர் ஃபிரெண்ட்' என்று எழுதுவாரா?

"போனும் போச்சு, மெயிலிலேயே பேசு" என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். நீங்கள் அழைத்துக் கேட்டுவிடக் கூடாதே! அதனால் அவருடைய பழைய எண்ணுக்கே அழையுங்கள். கிடைக்காவிட்டால் வீட்டாரிடம் கேளுங்கள். கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? சரி, இந்தியாவில் என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், அப்புறம் வங்கியை.