அமெரிக்காவில் ஃபோர்ட் விற்கும் மேவரிக், பிரேசிலில் ஃபியட் விற்கும் ஸ்ட்ராடா மாதிரி சிறிய பிக்கப் வண்டிகளைக் கார் கம்பெனிகள் இந்தியாவுக்கும் கொண்டு வர வேண்டுமா?

தாராளமாகக் கொண்டு வரட்டும். ஆனால் மலை உச்சியில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிற வண்டியாக வந்தால் இங்கே விலைபோகாது. வாரத்தில் ஆறு நாள் லோடு, ஏழாவது நாள் குடும்பம் என்று இரண்டுக்கும் ஒரே வண்டியாக வந்தால் ஆள் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்கிற வீட்டிலிருந்து எழுதுகிறேன், அதனால் என் ஆசையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும்.

மேவரிக் கதையைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சிறிய பிக்கப் என்ற வகையே கிட்டத்தட்ட ஒழிந்திருந்தது. ஃபோர்ட் தன் ரேஞ்சர் என்ற பழைய சிறிய பிக்கப்பை 2011இல் நிறுத்தியது. 2019இல் அதே பெயரில் திரும்பி வந்தபோது வண்டி ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து சின்ன வண்டி வருவதும் சுலபமில்லை. அதற்குக் காரணம் கோழி! 1960களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரியைக் கூட்டின. பதிலடியாக 1964 முதல் அமெரிக்கா இறக்குமதி டிரக், பிராந்தி, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் முதலியவற்றுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, டிரக் வரி மட்டும் அறுபது வருடம் தாண்டியும் போகவில்லை. இதிலிருந்து தப்பிக்க சுபாரு கம்பெனி தன் பிராட் என்ற வண்டியின் பின் தொட்டிக்குள் இரண்டு சீட்டைப் பொருத்தி, இது பயணிகள் வண்டி என்று சொல்லி இறக்கியது. நம் ஊர் ஆர்டிஓ ஆபீஸ் ஏஜென்ட்டுகளே அசந்துபோகிற யோசனை.

2021இல் ஃபோர்ட் மேவரிக்கை மெக்சிகோவின் எர்மோசியோ ஆலையில் தயாரித்துக் கொண்டு வந்தது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் இருந்ததால் அந்த 25 சதவீதம் அப்போது அதைத் தொடவில்லை. லாரி சேசிஸ் கிடையாது, கார் மாதிரி ஒரே கூடாகச் செய்த உடம்பு. ஆரம்ப மாடலிலேயே ஹைபிரிட் எஞ்சின், ஐந்து பேர் உட்காரலாம், 680 கிலோ வரை ஏற்றலாம். விலை 19,995 டாலர். 2024இல் ஒரே வருடத்தில் 1,30,000க்கு மேல் விற்றது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஹூண்டாய் கொண்டு வந்த சான்டா குரூஸ், பார்க்க இன்னும் ஸ்டைலாகவே இருக்கும். அந்த வருடம் அது மேவரிக்கின் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. மேவரிக்கை உழைக்கிறவனுக்கும் சேர்த்து விலை வைத்து விற்றார்கள், சான்டா குரூஸை ஷோக்குக்கு விற்றார்கள் என்பது என் கணிப்பு. மேவரிக்கிலும் 20,000 டாலருக்குள் என்ற பேச்சு ஓரிரு வருடத்திலேயே காணாமல் போய்விட்டது, அது வேறு விஷயம்.

பிரேசில் இன்னும் நல்ல உதாரணம். அங்கே 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் அதிகம் விற்ற வண்டி ஃபியட் ஸ்ட்ராடா. பிக்கப்பில் முதலிடம் என்று நினைக்காதீர்கள், கார்களையும் சேர்த்தே முதலிடம். நாலரை மீட்டருக்குள் நீளம், முன்சக்கர இழுவை, பின்னால் லாரி மாதிரி பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). இரண்டு வரிசை சீட் உள்ள டபுள் கேபினில் ஐந்து பேர் உட்காரலாம், 650 கிலோ வரை ஏற்றலாம். பண்ணைக்காரர், எலெக்ட்ரீஷியன், காலேஜ் பையன் எல்லாரும் ஒரே வண்டியை வாங்குகிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே இதற்கு முன் முயற்சியே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்கார்ப்பியோ கெட்அவே வந்தது, டாடா ஜெனான் வந்தது. 2016இல் இசுஸு, தடாவுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீசிட்டியில் ஆலையே போட்டு வி-கிராஸைப் பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டிய விலையில் இறக்கியது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது, ஷோரூம் விலையே 34 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. வி-கிராஸும் ஹைலக்ஸும் ஐந்து மீட்டர் தாண்டிய வண்டிகள், இரண்டுமே நல்ல வண்டிகள். அந்த ஹைலக்ஸில் உரம் ஏற்ற யாருக்கு மனசு வரும்?

விவரம் தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள்: மஹிந்திரா பொலேரோ கேம்பர் இருக்கிறதே, ஐந்து பேர், ஒரு டன் வரை லோடு, அப்புறம் என்ன புதிதாக வேண்டும்? நியாயமான கேள்வி. வெளியிலிருந்து எந்தச் சிறிய பிக்கப் வந்தாலும் மோத வேண்டியது கேம்பரோடுதான், ஹைலக்ஸோடு இல்லை. லைன் வேலைக்காரர்கள், காண்ட்ராக்டர்கள், சைட் இன்ஜினியர்கள் என்று ஒரு பெருங்கூட்டத்தை அது பிடித்து வைத்திருக்கிறது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆனால் அதில் பின்சீட்டில் உட்கார்ந்து பொள்ளாச்சியிலிருந்து மதுரை வரை போய்விட்டு வந்து, பிறகு என்னிடம் பேசுங்கள். லோடு இல்லாமல் ஓடும்போது அந்தப் பட்டை வில் நம் முதுகெலும்பை எண்ணிவிடும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை நம்பர் பிளேட். எங்கள் வீட்டில் ஒரு பொலேரோ பிக்கப்பும் ஒரு பழைய ஆல்ட்டோவும் நிற்கின்றன. பிக்கப் மஞ்சள் போர்டு. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்சி, அப்புறம் வருடா வருடம். வேகம் எண்பதில் பூட்டு. டோல்கேட்டில் டாடா ஏஸுக்குக் கார் கட்டணம், அதற்கு மேல் பெரிய பிக்கப்புக்கு எல்சிவி என்கிற இலகுரக சரக்கு வண்டிக் கட்டணம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம் என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அது ஒரு நிம்மதி. ஆனாலும் குடும்பத்தோடு எங்கேயாவது போக வேண்டும் என்றால் ஆல்ட்டோதான். ஏழு பேர் என்றால் அதுவும் பத்தாது. ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குப் பிக்கப்பின் பின்னால் சொந்தபந்தத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி தப்பு, ஏதாவது ஆனால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடும். வீட்டுக்கு இரண்டு வண்டி கட்டுப்படியாகாது என்பதால்தான் அப்படிப் போகிறார்கள்.

ஆக, வெள்ளை போர்டில், ஏசி போட்டு ஐந்து பேர் வசதியாக உட்கார்ந்து, பின்னால் அறுநூறு எழுநூறு கிலோ போடுகிற மாதிரி ஒரு வண்டிக்கு இடம் இருக்கிறது. வாங்குகிறவர் பெரிய மொத்த வியாபாரி இல்லை. சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர், நர்சரி நடத்துபவர், டைல்ஸ் கடைக்காரர், கேட்டரிங் செய்பவர் இந்த மாதிரி ஆட்கள். மொத்த வியாபாரிக்கு 1.7 டன் பிக்கப்பே போதவில்லை, அவர் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வண்டியைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே சந்தேகம் முன்சக்கர இழுவை. லோடு முழுக்கப் பின்னால் இருக்க, வால்பாறை ஏற்றத்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது எடை பின்னுக்குச் சாயும், முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும். மழை நாளில் சக்கரம் சும்மா சுற்றும். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. மலைத்தோட்டக்காரர் பின்சக்கர இழுவைதான் கேட்பார்.

அந்த வகையில் டொயோட்டாவிடமே பதில் இருக்கிறது. 2023 நவம்பரில் தாய்லாந்தில் ஹைலக்ஸ் சாம்ப் என்று ஒன்றை இறக்கினார்கள். ஆரம்ப விலை 4,59,000 பாத், அன்றைய கணக்கில் சுமார் 11 லட்சம் ரூபாய். பின்சக்கர இழுவை, மொட்டையான வண்டி. பின்னால் தட்டையான தளத்தில் போல்ட் போட ஓட்டைகளை விட்டே விற்கிறார்கள், வாங்குகிறவர் இஷ்டத்துக்குப் பாடி கட்டிக்கொள்ளலாம். கரூரில் பஸ் பாடியும் நாமக்கல்லில் லாரி பாடியும் கட்டுகிற ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நீளம் கொஞ்சம் அதிகம், சிறிய பிக்கப் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆனால் விலையும் புத்தியும் சிறிய பிக்கப்புடையவை. இந்தோனேசியாவின் கிஜாங் என்ற உழைக்கிற வண்டியைத்தான் 2000இல் குவாலிஸ் என்று பெயர் மாற்றி நம்மிடம் விற்றார்கள் என்பதையும் டொயோட்டாவுக்கு யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். டிராவல்ஸ்காரர்கள் அதை எப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஸ்ட்ராடா வகையறாவுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஃபியட்டின் தாய்க் கம்பெனியான ஸ்டெல்லான்டிஸுக்குத் திருவள்ளூரில் ஆலை இருக்கிறது. சிட்ரோயன் சி3 அங்கேதான் தயாராகிறது, அதே பெயரில் பிரேசிலிலும் தயாராகிறது. காராகப் பெரிதாக விலைபோகாத அந்த வண்டியின் அடிக்கூட்டை வைத்தே ஒரு பிக்கப் செய்தால் என்ன என்பது என் ஆசை, அவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

கடைசியில் எல்லாம் வரியில் வந்து நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நாலு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கும் 18. அளவு தாண்டிய காருக்கு 40. ஐந்து சீட்டும் தொட்டியும் வைத்த நாலரை மீட்டர் வண்டியைச் சரக்கு என்று பார்ப்பார்களா, கார் என்று பார்ப்பார்களா என்பதில் சுமார் இரண்டு லட்சம் வித்தியாசம் வரும். கம்பெனிக்காரர்கள் டிசைன் ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முன் இதற்கு டெல்லியில் ஒரு தெளிவான பதில் வாங்கிக்கொண்டு வரட்டும். ஆன்-ரோடு பன்னிரண்டு லட்சத்துக்குள், பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ ஒரு சர்வீஸ் சென்டரோடு வந்தால், ஆல்ட்டோவை விற்றுவிட்டு அட்வான்ஸ் கொடுக்க எங்கள் வீட்டில் ஒரு ஓட்டு உறுதி. அப்பாவின் ஓட்டு ஒரு டன் தாங்குமா என்று தெரிந்த பிறகுதானாம்.