சந்தா கட்டாவிட்டால் க்யூஆர் கோடு செத்துப்போகுமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். எங்கள் நூலக வாசகர் வட்டம் சார்பில் 200 புத்தகங்களின் உள்ளட்டையில் க்யூஆர் கோடு ஒட்டலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். ஸ்கேன் செய்தால் எழுத்தாளரைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கம் திறக்க வேண்டும். சேலத்திலிருந்து மேலே வந்த ஒருவர் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கேட்கிறார். கட்டாவிட்டால் கோடு காலாவதியாகிவிடுமாம். உண்மைதானா?

பதில்: காலாவதி ஆகாது. அவர் ஆக்கினால்தான் ஆகும்.

அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் இருப்பது வெறும் எழுத்துதான். ஒரு இணைய முகவரியைப் பேனாவால் எழுதி ஒட்டுவதற்குப் பதிலாக, ஃபோன் படிக்கிற மாதிரி அச்சடித்து ஒட்டுகிறீர்கள். தாளில் அச்சான எழுத்துக்கு எக்ஸ்பயரி தேதி கிடையாது. ஜப்பானில் டென்சோ நிறுவனத்தார் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்க 1994-ல் இதை உருவாக்கினார்கள்; காப்புரிமை கையில் இருந்தும், பயன்படுத்துகிறவர்களிடம் காசு கேட்பதில்லை என்று விட்டுவிட்டார்கள். உருவாக்கியவர்களே கேட்காத பணத்தை இடையில் வருகிறவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அவர் செய்கிற வேலை இதுதான். நீங்கள் கொடுக்கும் முகவரியைக் கோடில் வைக்காமல் தன்னுடைய தளத்தின் முகவரியை வைப்பார், ஸ்கேன் செய்கிறவர் முதலில் அவர் வீட்டுக்குப் போய், அங்கிருந்துதான் நீங்கள் சொன்ன பக்கத்துக்குப் போவார். சந்தா நின்றால் கதவைச் சாத்திவிடுவார், 200 ஸ்டிக்கரும் குப்பை. இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். சேலத்தில் ஒரு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் இப்படி ஒட்டிய கோடுகள், சந்தா முடிந்து சில மாதத்தில் ஆன்லைன் ரம்மி விளம்பரத்துக்குப் போய் நின்றன. ஸ்கேன் செய்தது ஆறாம் வகுப்புப் பையன். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். மாதிரிக்கு ஒரு கோடு கொடுக்கச் சொல்லுங்கள், கேமராவைக் காட்டினால் திறப்பதற்கு முன்பே முகவரி திரையில் தெரியும். விக்கிப்பீடியா முகவரி வந்தால் சரி. வேறு ஏதோ பெயர் வந்தால் அனுப்பிவிடுங்கள். நன்கொடைக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுத் தருகிறேன் என்று அவர் சொன்னால் அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று வாசகர் பார்க்கவே மாட்டார்.

நீங்களே செய்துகொள்ளலாம். கூகுள் குரோமில் பக்கத்தைத் திறந்து பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் க்யூஆர் கோடு இலவசமாக வரும். தமிழ் முகவரியில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. இணைய முகவரிக்குள் போகும்போது தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாக உடைந்துவிடும், 'நூல்' என்ற இரண்டெழுத்துச் சொல்லே 36 குறியாக நீளும். எழுத்தாளர் பெயர் முழுவதும் போனால் கோடு பொடிப்பொடியான கட்டங்களாகி, பழைய ஃபோன்கள் படிக்கத் திணறும். விக்கிப்பீடியா தன் பக்கங்களுக்குத் தானே சுருக்க முகவரி தருகிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ட கண்ட சுருக்கத் தளங்களுக்குப் போகாதீர்கள், அதுவும் அந்த இடைத்தரகர் வேலைதான்.

சரி, நடுவில் ஒரு முகவரி வைப்பது நியாயமாகிற இடம் ஒன்று உண்டு. யாராவது புரவலர் கல்வெட்டு வைத்து அதில் கோடு செதுக்கச் சொல்கிறார், அல்லது வாசலில் பெயின்டர் பெரிய பலகை எழுதுகிறார் என்று வையுங்கள். கல்லை அழித்து எழுத முடியாது, ஆனால் அது காட்டும் பக்கம் மாறலாம். அதுவும் அரசுத் தளங்கள் என்றால் சொல்லவே வேண்டாம், வடிவமைப்பை மாற்றும்போது பழைய முகவரிகளை அப்படியே அறுத்துவிடுகிறார்கள், நம்பி அச்சடித்தவன் கதியை யாரும் நினைப்பதில்லை. அந்த மாதிரி இடத்தில் நடுவில் ஒரு முகவரி வேண்டும்தான், ஆனால் அது வாசகர் வட்டத்தின் பெயரில் வாங்கிய முகவரியாக இருக்க வேண்டும். அதற்கும் ஆண்டுதோறும் ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டியிருக்கும். கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும், ஒருவர் மாற்றலாகிப் போனால் இன்னொருவர் புதுப்பிக்கலாம். தரகர் பெயரில் பதிவு செய்தால் மறுபடியும் அவர் கதவுதான். உங்கள் 200 புத்தகத்துக்கு இது எதுவும் தேவையில்லை.

ஒட்டுவதற்கு முன் நூலகரிடம் சொல்லுங்கள், அவர் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத வேண்டும் என்பார். ஒரு ஸ்டிக்கருக்கு இத்தனை கடிதமா என்று எனக்கும் எரிச்சல்தான். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், தமிழ்நாட்டில் நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது, இன்னும் இப்படி இழுத்தால் ஜனம் தரகரிடம்தான் போகும். ஆனாலும் கடிதம் கொடுத்துவிட்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் தணிக்கையில் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அப்புறம், உங்கள் ஊர்ப் பனிமூட்டம். ஈரத்தில் இங்க்ஜெட் மை கசியும், லேசர் பிரிண்ட் எடுங்கள். மேலே பளபள டேப் ஒட்டினால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி மாதிரி அடிக்கும், மங்கலான லேமினேஷன் போதும். இரண்டு செ.மீ.க்குக் குறையாத சதுரம், நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு. அந்த விளிம்பை அழகுக்காக வெட்டிவிடாதீர்கள், கோடு எங்கே தொடங்குகிறது என்று ஃபோன் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. சிக்னல் இல்லாத நாளுக்காகக் கோடின் கீழே எழுத்தாளரைப் பற்றி இரண்டு வரி அச்சடித்துவிடுங்கள். முதலில் பத்துப் புத்தகத்தில் ஒட்டி, இருப்பதிலேயே பழைய ஃபோனால் படித்துப் பார்த்துவிட்டு மீதியை அச்சுக்குக் கொடுங்கள்.